சாத்தூர் பஸ்ஸுக்கு இருபது ரூபாய்!

"மருந்து தொண்ணூறு நாளைக்கு மேல கொண்டு வராதீங்கப்பா... ஏர்போர்ட்ல பிரச்னையாயிடும்!"

கனடாவிலிருந்து மகன் போனில் சொன்னான். காது கொஞ்சம் மந்தமானதால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். திண்ணையில் பேப்பர் படித்துக் கொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி பதறிப் போய் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏய்யா, பிளேன்ல மருந்து கொண்டு போறீகளா? ஒரு நாளைக்கே விட மாட்டானே... தொண்ணூறு நாளைக்கா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஆமத்தூர், விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிற ஊர். இந்தப் பக்கம் 'மருந்து' என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது பிரஷர் மாத்திரை அல்ல. சரவெடிக்குள் இருக்கிற சமாச்சாரம்! பட்டாசு ஆலை ஒன்றில் 34 வருஷம் கணக்கு எழுதிய எனக்கே, டாக்டர் 'மருந்து எழுதித் தர்றேன்' என்றால் ஒரு விநாடி திக்கென்றுதான் இருக்கும்.

விஷயம் இதுதான். மகன் கனடாவில் குடியேறி வீடும் வாங்கிவிட்டான். ஒரே பையன். "இனிமே அங்க தனியா எதுக்கு? வந்து எங்களோடயே இருங்க" என்று இரண்டு வருஷமாக நச்சரிப்பு. 'சூப்பர் விசா' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அங்கே நிரந்தரமாகக் குடியேறியவர்களின் அப்பா அம்மாவுக்கும், தாத்தா பாட்டிக்கும். ஒருமுறை போனால் 5 வருஷம் வரை தொடர்ந்து தங்கலாம். பேரனுக்கு மூன்று வயசு. என் மனைவி அவனைத் தொட்டுப் பார்த்ததில்லை. செல்போன் கண்ணாடியைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். 'சரி, போவோம்' என்று முடிவு செய்தோம்.

முடிவு செய்த மறுநாளே என் கணக்குப்பிள்ளை புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. பீரோவில் ஒரு பச்சை ஃபைல் இருக்கிறது. எங்கள் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பாலிஸி. புதுப்பிக்கிற நாள் நெருங்கிக் கொண்டிருந்தது. ஊரிலேயே இருக்கப் போவதில்லை. அப்புறம் இந்தப் பாலிஸி எதற்கு?

கேள்வி ஒரு வரிதான். பதில் தேடிய கதைதான் நீளம்!

முதலில் என் பாலிஸியைப் பற்றி. மருத்துவச் செலவுக்கான 'மெடிக்ளெய்ம்' நம் நாட்டுக்கு வந்தது 1986-ல். அப்போது இந்தப் பக்கம் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. நானும்தான். 2010-ல் ஆபீஸுக்கு வந்த ஒரு ஏஜென்ட், போகவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். அவரை எழுப்பி அனுப்புவதற்காகவே ஒரு பாலிஸி போட்டேன். எங்கள் இருவருக்கும் சேர்த்து 5 லட்சம்.

ஆறு வருஷம் தண்டம் கட்டினேன். ஏழாவது வருஷம், 2017-ல், நெஞ்சில் யாரோ அம்மிக் குழவியை வைத்த மாதிரி இருந்தது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த வருஷம் பிப்ரவரியில்தான் மத்திய அரசு, மருந்து தடவிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருந்தது. அப்படியும் ஆஸ்பத்திரி பில் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. பெரும்பகுதியைப் பாலிஸிதான் கட்டியது. (34 வருஷம் மருந்துக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்தவனுக்கு நெஞ்சுக்குள்ளேயும் மருந்து தடவி விட்டார்கள், பாருங்கள்!)

அந்தப் பாலிஸியைத்தான் விடுவதா, வைத்துக்கொள்வதா என்று யோசனை.

ஆளுக்கு ஒரு யோசனை

நம் ஊரில் இலவசமாகக் கிடைப்பது யோசனை ஒன்றுதானே!

அண்ணாச்சி சொன்னார்: "நீங்க அங்க இருக்கப் போறீக. கம்பெனி இங்க இருக்கு. வெயில் அடிக்காத ஊர்ல இருந்துக்கிட்டு ஆமத்தூர் வெயிலுக்குக் குடை வாங்குவாகளா?"

மகன் சொன்னான்: "அப்பா, இங்க விசாவுக்கே கட்டாயம் இன்ஷூரன்ஸ் எடுக்கணும். அதுக்கும் கட்டி, அங்கயும் கட்டி... வேஸ்ட்ப்பா."

அவன் சொன்னது உண்மை. சூப்பர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே குறைந்தது 1,00,000 கனடா டாலருக்கு, ஒரு வருஷத்துக்குக் குறையாமல் பாலிஸி எடுத்துக் காட்ட வேண்டும். 'இவ்வளவு ஆகும்' என்கிற மதிப்பீட்டுச் சீட்டைக் காட்டினால் செல்லாது. பணம் கட்டியிருக்க வேண்டும். முன்பெல்லாம் கனடா கம்பெனியில்தான் எடுக்க வேண்டும். 2025 ஜனவரி 28 முதல், அந்நாட்டு நிதிக் கண்காணிப்பு அலுவலகத்தின் அனுமதி பெற்ற வெளிநாட்டுக் கம்பெனிகளிடமும் வாங்கலாம் என்று தளர்த்தியிருக்கிறார்கள்.

'ஆகா, அப்படியானால் நம்ம பச்சை ஃபைலையே காட்டிவிடலாமே' என்று எனக்கு ஒரு நப்பாசை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாலிஸியைப் படித்தேன். வாங்கி இத்தனை வருஷத்தில் முதன்முறையாக! 'இந்தியாவுக்குள் பெறும் சிகிச்சைக்கு மட்டுமே' என்று ஒரு வரி, எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில். ஆசை அங்கேயே புஸ்வாணமாகிவிட்டது.

கனடா பாலிஸிக்கு எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு வருஷப் பிரீமியம் இரண்டரை லட்சம் ரூபாயைத் தாண்டியது. "நான் கட்டறேன்ப்பா" என்றான் மகன். கட்டுவது யாராக இருந்தாலும் கணக்கில் அது செலவுதானே!

இந்தியப் பாலிஸிக்குப் போன வருஷம் 40,000 பிரீமியம், 7,200 வரி, ஆக 47,200. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவிகித ஜி.எஸ்.டி.யை 2025 செப்டம்பர் 22 முதல் எடுத்துவிட்டார்கள். அதனால் இந்த முறை பிரீமியம் 42,000 ஆகக் கூடியும், வரிக் கட்டத்தில் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் எனக்கு உண்டான சந்தோஷத்தை, கணக்கு எழுதியவர்களுக்கு மட்டும்தான் புரிய வைக்க முடியும்.

இருந்தாலும் 42,000 என்பது 42,000தான். நான் போர்மேனிடம் யோசனை கேட்கப் போனேன்.

எங்கள் ஆலையின் பழைய போர்மேன் அவர். என்னோடு ரிடையரானவர். நான் பிரீமியம் தொகையைச் சொன்னதும் சிரித்தார்.

"எனக்கு வருஷத்துக்கு 120 ரூபாய்!"

கிண்டல் இல்லை, நிஜம். அவர் சம்பளம் கடைசி வரை இ.எஸ்.ஐ. வரம்புக்குள் இருந்தது. குறைந்தது 5 வருஷம் இ.எஸ்.ஐ.யில் இருந்து, வயசு முடிந்து ஓய்வு பெற்றவர்கள் மாசம் 10 ரூபாய் வீதம் வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் போதும். அவருக்கும் சம்சாரத்துக்கும் வைத்தியம் உண்டு. சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. இது தெரியாமலே எத்தனையோ தொழிலாளிகள் ரிடையரான மறுநாள் கார்டைத் தூக்கிப் போட்டு விடுகிறார்கள். நான் நாலு எழுத்து எழுதி நாலு காசு கூட வாங்கியதால் அந்த வரம்பைத் தாண்டிவிட்டேன். முதல்வரின் விரிவான காப்பீட்டுத் திட்டமோ, வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பங்களுக்கு. அதிலும் நான் இல்லை. நடுவில் தொங்குகிற ஜாதி!

போர்மேன் அப்புறம் சொன்னதுதான் மனசில் தைத்தது.

"கணக்கு, ஞாபகம் இருக்கா? வருஷா வருஷம் நம்ம ஆலைக்கு இன்ஷூரன்ஸ் செக்கு எழுதும்போது மொதலாளி என்ன கேட்பாரு?"

எப்படி மறக்கும்? 'போன வருஷம் ஒண்ணும் ஆகலையேய்யா... கட்டின பணம் வீண்தானே?' என்பார். அதற்கு இந்தப் போர்மேன்தான் பதில் சொல்வார்: 'வீணாப் போகணும்னுதான் மொதலாளி கட்டுறோம்!'

வெடிச்சத்தம் கேட்டால், அது நம்ம ஆலையா, பக்கத்து ஆலையா என்று ஓடுகிற ஊர்க்காரர்கள் நாங்கள். அந்தப் பேச்சில் சிரிப்புப் பாதி, பயம் பாதி.

அத்தான் சொன்ன கதை

அடுத்து அத்தான். என் அக்கா வீட்டுக்காரர். அவரும் 2019-ல் மகனிடம் அமெரிக்கா போனவர். 'திரும்புகிற பேச்சே இல்லை' என்று சொல்லி, மாட்டை விற்று, டி.வி.யை விற்று, கையோடு மெடிக்கல் பாலிஸியையும் கட்டாமல் விட்டுவிட்டுப் போனார்.

அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் 65 வயசுக்காரர்களுக்கு 'மெடிகேர்' என்று அரசாங்கத் திட்டம் இருந்தாலும், அங்கே வேலை பார்க்காமல் பிள்ளைகளிடம் போகிற பெற்றோர் கிரீன் கார்டோடு 5 வருஷம் தொடர்ந்து வசித்திருந்தால்தான் பணம் கட்டி அதில் சேரலாம். (சிங்கப்பூர் கதையும் இதுதான். 'மெடிஷீல்டு லைஃப்' அங்குள்ள குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். நீண்டகால விசிட் பாஸில் போகிற அப்பா அம்மாவுக்கு இல்லை.)

ஆனால் அத்தான் திரும்பி வந்தது அதனால் அல்ல. அக்கா அங்கே காலமாகிவிட்டாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின், பகல் முழுக்கப் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. "சுவர் கூட இங்கிலீஷ்ல பேசுதுய்யா" என்றார். 2021-ல் தனி ஆளாக ஊர் வந்து இறங்கினார்.

புதுப் பாலிஸி எடுத்தார். சர்க்கரை இருப்பதை மறைக்காமல் எழுதித்தான் எடுத்தார். அப்போதெல்லாம் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 4 வருஷம் வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி. இரண்டாவது வருஷமே, சர்க்கரை கிட்னியில் கை வைத்துவிட்டது. கம்பெனி, கிளெய்ம் கிடையாது என்று எழுதிவிட்டது. பேப்பர்படி அவர்கள் பக்கம் தப்பில்லை. பழைய பாலிஸி 9 வருஷம் ஓடியது. அதை விடாமல் இருந்திருந்தால் ஒரு கேள்வி வந்திருக்காது.

கிழக்கே இருந்த கரிசல் காடு ஒன்றரை ஏக்கர், அந்த வருஷம் கை மாறியது.

"நெலம் போனது பெரிசில்லைய்யா... 'திரும்ப மாட்டேன்'னு நானே என்னை நம்பினேன் பாரு, அதான் பெரிய தப்பு" என்றார் அத்தான்.

அங்கேதான் எனக்கு விளங்கியது. நான் இத்தனை நாளும் தப்பான கேள்வியைக் கேட்டுக் கொண்டிருந்திருக்கிறேன். 'கனடாவில் உடம்புக்கு வந்தால் இந்தப் பாலிஸி உதவுமா?' என்பது கேள்வியே இல்லை. உதவாது, அது அச்சடித்த விஷயம். 'என்றைக்காவது திரும்பி வருவோமா?' என்பதுதான் கேள்வி. அதற்கு யாரால் 'மாட்டேன்' என்று எழுதிக் கொடுக்க முடியும்?

விட்டால் என்ன ஆகும்?

கணக்கை உட்கார்ந்து எழுதினேன்.

விதிகள் இப்போது முன்பைவிடக் கனிவுதான். 2024 ஏப்ரல் முதல், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைந்திருக்கிறது. 65 வயசுக்கு மேல் புதுப் பாலிஸி கிடையாது என்கிற கதவையும் திறந்துவிட்டார்கள். ஆனால் கதவைத் திறந்தவர்கள் வாசலில் மெடிக்கல் டெஸ்ட்டை உட்கார வைத்திருக்கிறார்கள். 66 வயசு, நெஞ்சில் ஸ்டென்ட், பிரஷர் மாத்திரை... என்னைப் பார்த்து 'வாங்க வாங்க' என்று எந்தக் கம்பெனி நாற்காலி எடுத்துப் போடும்?

பழைய பாலிஸியிலோ என் காத்திருப்பெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. 60 மாதம் விடாமல் கட்டியவரிடம், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, 'நீ அன்றைக்கு எழுதியது சரியில்லை' என்று கிளெய்மைத் தள்ள முடியாது. முன்பு கிளெய்ம் வாங்கினேன் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்கவும் முடியாது. இத்தனை வருஷம் கட்டிக் காத்த இந்த உரிமை, கெடு தாண்டி 30 நாள் சலுகைக்குள்ளும் கட்டாவிட்டால் போயே போச்சு.

போதாததற்கு, கனடா பாலிஸியில் இன்னொரு பொடி வைத்திருந்தார்கள். அது பெரும்பாலும் அவசர சிகிச்சைக்குத்தான். மாசாமாசம் டாக்டரைப் பார்ப்பதும், மாத்திரை வாங்குவதும் சொந்தச் செலவு. ஏற்கெனவே உள்ள நோய் என்றால், பயணத்துக்கு முன் குறிப்பிட்ட நாட்கள் அது 'நிலையாக' இருந்திருக்க வேண்டும். நாங்கள் பார்த்த பாலிஸியில் 180 நாள். மாத்திரையின் அளவை டாக்டர் கூட்டினாலும் குறைத்தாலும் 'நிலை' போச்சு!

எனக்கோ தீபாவளி முடிந்த வாரம்தான் பிரஷர் மாத்திரை அளவை மாற்றியிருந்தார்கள்.

"அதை எதுக்குச் சொல்லிக்கிட்டு? எழுதாம விட்டுடுங்க" என்றார் எனக்கு வேண்டிய ஒருவர். 34 வருஷம் பேரேட்டில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியவனுக்கு இந்த வயசில் அது எதற்கு? உள்ளதை எழுதினேன். 180 நாள் முடியும் வரை பயணத்தைத் தள்ளிவைத்தோம். ஒரு லாபம்... விருதுநகர் பங்குனிப் பொங்கலைப் பார்த்துவிட்டுப் போகலாம்!

கிளம்பப் போகிறவர்களுக்குக் கணக்குப்பிள்ளையின் குறிப்பு

அங்கே குடியுரிமையே வாங்கி, அரசாங்க வைத்தியமும் கிடைத்து, ஊரில் வீடு வாசல் எதுவும் இல்லையென்றால் இந்தியப் பாலிஸியை விடலாம். அதுவும் அந்த ஊர்க் கார்டு கைக்கு வந்த பிறகு. வரும் என்று நம்பி அல்ல.

பிரீமியம் பாரமாக இருந்தால், பாலிஸியை விடுவதற்குப் பதில் காப்பீட்டுத் தொகையைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். ஒன்று ஞாபகம்: பின்னால் கூட்டினால், கூட்டிய தொகைக்குக் காத்திருப்பு புதிதாக ஆரம்பிக்கும்.

சலுகை நாள் 30 இருக்கிறதே என்று மெத்தனம் வேண்டாம். வருஷப் பிரீமியம் கட்டாத அந்த இடைவெளி நாட்களில் ஆஸ்பத்திரிக்குப் போனால் கம்பெனி பொறுப்பில்லை. 2, 3 வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டுகிற வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

வெளிநாட்டில் தங்கப் போவதைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து, பதிலை வாங்கி ஃபைலில் வையுங்கள்.

முக்கியமாக, பழைய இந்திய செல் நம்பரை உயிரோடு வைத்திருங்கள். ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். ரீசார்ஜ் பண்ணாத சிம் கார்டால் பாலிஸி செத்துப்போனால் அழக்கூட முடியாது!

இருபது ரூபாய்

இவ்வளவும் எழுதி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மகனிடம் போனில் சொன்னேன். 'கட்டிடலாம்னு இருக்கேன்ப்பா.'

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்ப... எங்களோட இருக்க முடியாதுன்னு இப்பவே முடிவு பண்ணிட்டீங்களாப்பா?" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. 36 மாதம், 60 மாதம் என்று இருந்த கணக்கெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அடுப்படியிலிருந்து வந்து போனை வாங்கினாள் என் மனைவி.

"ஏப்பா, உனக்கு ஒரு கதை தெரியாது. நான் கல்யாணமாகி சாத்தூர்ல இருந்து இந்த ஊருக்கு வந்த அன்னிக்கு, உங்க அம்மாச்சி யாருக்கும் தெரியாம என் கையில இருபது ரூபாயைத் திணிச்சா. 'அங்க மனசுக்கு ஏதும் ஒண்ணுன்னா, யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காத. சாத்தூர் பஸ்ஸுல ஏறி வந்துரு'ன்னு. முப்பத்தெட்டு வருஷமாச்சு. அந்தப் பணத்தை நான் எடுத்ததே இல்லை. உங்க அப்பாவோட சண்டை போடாத நாளில்லை. ஆனா, போகணும்னா போகலாம், காசு இருக்குங்கற தைரியத்துலதான்யா நான் போகாமலே இருந்தேன்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 38 வருஷம் வீட்டுக் கணக்கு எழுதியவன் நான். இப்படி ஒரு இருபது ரூபாய் கணக்கில் வராமல் இருந்திருக்கிறதே!

"எங்க இருக்கு அது?" என்றேன்.

பீரோவைத் திறந்து, கல்யாணப் புடவையின் மடிப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள். நாலாக மடித்த பழைய நோட்டு. மடிப்பில் நூலாகிப் போயிருந்தது.

போனில் மகன் தொண்டையைச் செருமினான். "சரிம்மா... கட்டுங்க. அந்தப் பிரீமியத்தையும் நானே அனுப்பிடறேன்."

"வேணாம்ப்பா" என்றாள் அவள். "பஸ் காசு எங்க காசாவே இருக்கட்டும்."

மறுநாள் காலையில் 42,000 ரூபாய் கட்டினேன். ரசீதைப் பச்சை ஃபைலில் வைத்தேன். பக்கத்திலேயே அந்த இருபது ரூபாய் நோட்டையும் வைக்கட்டுமா என்று கேட்டேன். தர மறுத்துவிட்டாள். அது கனடாவுக்கு வருகிறதாம், அவளுடைய கைப்பையில்.

இப்போது எங்கள் இருவருக்கும் ஒரே ஒரு வேண்டுதல்தான். அந்த 42,000 ரூபாய் வீணாகப் போக வேண்டும்!